ஆர்எக்ஸ் 100-க்கு ஒரு ஆர்பிஎம் மீட்டர்

எனக்கு வலது காது பாதிதான் கேட்கும். இடது காது பரவாயில்லை. இருபத்திரண்டு வருஷமாக ஸ்பின்னிங் மில்லில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர் வேலை, அதில் பெரும்பகுதி, நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் இயந்திரங்கள் ஓடும் ஷெட்டில்தான். அங்கே பக்கத்தில் நிற்பவர் பேசுவதை வாயசைவைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். காதில் வைக்கும் அடைப்பான் எங்கள் கைக்கு வந்தபோது நான் வேலைக்குச் சேர்ந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. போன வருஷம் காது டாக்டர் ஒரு வரைபடம் எடுத்துக் காட்டினார். ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த கோடு 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் வந்ததும் கிணற்றில் இறங்குவதுபோல இறங்கியது. இரைச்சலில் வேலை பார்ப்பவர்களுக்கு முதலில் அங்கேதான் விழுமாம்.

பைக்கில் ஆர்பிஎம் மீட்டர் (இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டுவது, டாக்கோ மீட்டர் என்றும் சொல்வார்கள்) மாட்டிய கதையை எதற்குக் காதில் ஆரம்பிக்கிறேன் என்றால், மாட்டியதற்குக் காரணமே அதுதான். கஸ்டம் பைக் கட்டுகிறவர்கள் நிறையப் பேர் டாக்கோ மீட்டரை அழகுக்கு வைக்கிறார்கள், அதில் தப்பு ஒன்றும் இல்லை, வட்டமான ஒரு கண்ணாடிக்குள் ஊசி துள்ளுவதைப் பார்க்க எனக்கும் பிடிக்கும். ஆனால் எனக்கு அது இல்லாமல் வண்டியை ஒழுங்காக ஓட்ட முடியவில்லை.

வண்டி யமஹா ஆர்எக்ஸ் 100. இந்தியாவில் 1985-இலிருந்து 1996 வரை வந்த வண்டி. இது சித்தப்பா 1992-இல் வாங்கியது. ஆனைமலையிலிருந்து பொள்ளாச்சிச் சந்தைக்கு வாரம் தவறாமல் போய்வந்த வண்டி. அவருக்கு முழங்கால் போனபிறகு கிக்கர் உதைக்க முடியாமல் மாட்டுக் கொட்டகை ஓரமாகப் பத்துப் பன்னிரண்டு வருஷம் நின்றது. நான் போய்க் கேட்டதும், "எடுத்துட்டுப் போ சாமி. ஓட்டறதுன்னா எடுத்துட்டுப் போ, எடைக்குப் போடறதுக்குன்னா கேக்காதே" என்றார்.

டேங்க் அடியில் பொத்தல். பின் மட்கார்டு கை வைத்தால் உதிர்ந்தது. மீட்டர் பெட்டிக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. இரண்டு வருஷம், ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக, அதைக் கட்டினேன். சேஸை வெட்டவில்லை, அது ஆர்சி புத்தகத்தோடு போகிற விஷயம். இன்ஜினும் அதே 98 சிசிதான். மற்றபடி ஒற்றை சீட், தட்டையான ஹேண்டில்பார், வட்ட ஹெட்லைட், அதற்கு மேலே உள்ளங்கை அகலத்தில் ஒரே ஒரு ஸ்பீடோ மீட்டர். ஸ்பீடோ சட்டப்படி இருந்தாக வேண்டும், அதனால் அதை மட்டும் வைத்தேன். முன்னால் நின்று பார்த்தால் சுத்தமாக, வெறுமையாக இருந்தது. அந்த வெறுமைக்காகவே எத்தனையோ நாள் ஆசைப்பட்டிருந்தேன்.

இன்ஜினை மட்டும் நான் தொடவில்லை, அது எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் போனது. சிலிண்டரைக் கடைந்து போர் போட்டு, 0.25 மில்லி ஓவர்சைஸ் பிஸ்டன், புது ரிங், க்ராங்க் பேரிங், ஆயில் சீல் எல்லாம் மாற்றினார். வண்டியைக் கையில் கொடுக்கும்போது சொன்னார்: "தம்பி, மொத ஐநூறு கிலோமீட்டருக்குப் பாதிக்கு மேல முறுக்காதே. பிஸ்டன் பிடிச்சுக்கும்."

"பாதின்னா எவ்வளவுங்கண்ணா?"

"சத்தத்துலயே தெரிஞ்சுருமே தம்பி."

அவர் சொன்னது சரிதான், அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல், அதற்குக் கீழே இன்ஜினின் அடிச்சத்தம். மற்றவர்கள் ஆர்எக்ஸ் சத்தம் என்று எதைச் சொல்கிறார்களோ, ஏறும்போது ஒரு கூர்மை வருமே, அது எனக்கு வருவதே இல்லை. சின்ன வயதில் சித்தப்பா வண்டி தெருமுனையில் திரும்பும்போதே அடையாளம் கண்டுபிடித்தவன் நான். இப்போது அந்த வண்டிமேலேயே உட்கார்ந்திருக்கிறேன், பாதி முறுக்கியிருக்கிறேனா முக்கால் முறுக்கியிருக்கிறேனா என்று தெரியவில்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். ஆர்எக்ஸ் 100 அதிகபட்ச இழுவையைத் தருவது 6,500 ஆர்பிஎம்மில், அதிகபட்ச பவர் 11 குதிரைசக்தியைத் தருவது 7,500-இல். டூ-ஸ்ட்ரோக் என்பதால், பிஸ்டன் சுழற்றும் தண்டான க்ராங்க் சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. 7,500 என்றால் விநாடிக்கு 125 வெடிப்பு, 6,500 என்றால் சுமார் 108. காதுக்கு இவை இரண்டு சுரங்கள். மகள் பாட்டு வகுப்புக்குப் போகிறாள், அவளிடம் கேட்டேன்: இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று. அவள் கைபேசியில் சுருதி வைத்துப் பாடிக் காட்டினாள்: ச, ரி. அதைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். இழுவையின் உச்சிக்கும் பவரின் உச்சிக்கும் நடுவே ஒரு ச, ஒரு ரி. நல்ல காது உள்ளவர்கள் அதைப் பிடித்துவிடுவார்கள். காற்றும் லாரியும் இரையும் அவினாசி ரோட்டில் என்னால் முடியாது.

ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டியாக இருந்தால் இதற்கு இவ்வளவு மெனக்கெட்டிருக்க மாட்டேன். டூ-ஸ்ட்ரோக்கில் ஆர்பிஎம் என்பது வேறு விஷயம். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இருப்பதுபோல எக்ஸாஸ்ட் வால்வும் அதைத் திறக்கும் கேமும் இதில் கிடையாது. சிலிண்டர் சுவரில் வெட்டிய துளைகளை, அதாவது போர்ட்டுகளை, பிஸ்டனே திறந்து மூடுகிறது. எரிந்த புகை வெளியே போகிற நேரமும் புதுக் கலவை உள்ளே வருகிற நேரமும் ஒன்றன்மேல் ஒன்று விழும். அதனால் புதுக் கலவையில் ஒரு பங்கு புகையோடு சேர்ந்து சைலன்ஸருக்குள் ஓடிவிடும். ஓடியதைத் திருப்பிக் கொண்டுவருவது சைலன்ஸரின் வேலை. வெளியே பார்க்கச் சாதாரணக் குழாய்போல இருக்கும், உள்ளே விரிந்து பிறகு குறுகும். சிலிண்டரிலிருந்து கிளம்பும் அழுத்த அலை அந்தக் குறுகும் இடத்தில் மோதித் திரும்பிவந்து, ஓடிப்போன கலவையை, போர்ட் மூடுவதற்குள் சிலிண்டருக்குள் தள்ளிவிடும். அலை போய்த் திரும்ப ஆகும் நேரம் பெரிதாக மாறாது. பிஸ்டன் போர்ட்டை மூட ஆகும் நேரம் ஆர்பிஎம்முக்குத் தகுந்தபடி மாறும். இரண்டும் பொருந்துகிற இடத்தில் வண்டி திடீரென்று உயிர் பெற்றதுபோலப் பாயும், பொருந்தாத இடத்தில் அதே வண்டி சோர்ந்து கிடக்கும். ஆர்எக்ஸ் ஓட்டியவர்கள் 'அங்கே ஒரு தூக்கு தூக்கும்' என்பார்களே, அந்த 'அங்கே' என்பது ஆர்பிஎம் மீட்டரில் ஒரு எண்.

சரி, மீட்டர் வாங்கலாம் என்று முடிவு செய்தேன். மெக்கானிக் அண்ணன் சிரிக்கவில்லை, ஆனால் வருத்தப்பட்டார் என்று நினைக்கிறேன். "காது எதுக்கு இருக்குது தம்பி?" என்றார். என் காது கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் கார்புரேட்டரைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு, "கேபிள் மீட்டர் வெச்சா நல்லாருக்கும், ஆனா உன்ற இன்ஜின்ல கேபிள் எடுக்க வழியில்ல. கரண்ட்டுலதான் எடுக்கோணும்" என்றார்.

கேபிள் மீட்டர் எனக்கும் பிடிக்கும். இன்ஜினிலிருந்து ஒரு கேபிள் சுற்றிக்கொண்டே வந்து மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றும், காந்தத்தைச் சுற்றி ஒரு அலுமினியக் கிண்ணம், இரண்டும் ஒன்றை ஒன்று தொடாது. காந்தம் சுழலும்போது அலுமினியத்தில் உண்டாகும் சுழல் மின்னோட்டம் கிண்ணத்தையும் கூடவே இழுக்கும், மயிரிழை ஸ்பிரிங் ஒன்று அதைத் தடுக்கும், இரண்டுக்கும் நடுவில் ஊசி நிற்கும். வண்டியில் இருக்கும் ஸ்பீடோவும் இதே தத்துவம்தான், அதற்கு முன் சக்கரத்திலிருந்து கேபிள் வருகிறது. பேட்டரி வேண்டாம், சிக்னல் வேண்டாம். ஆனால் அண்ணன் சொன்னதுபோல என் இன்ஜினில் அதற்கு இடம் இல்லை. ஆகவே எலக்ட்ரானிக் மீட்டர்.

முதல் மீட்டரை நானே கெடுத்தேன். ஆன்லைனில் 850 ரூபாய்க்கு வாங்கியது. நான்கு ஒயர்: பவர், எர்த், விளக்கு, சிக்னல். யமஹாவில் சாவி போட்டதும் பவர் வரும் ஒயர் பிரவுன், எர்த் கறுப்பு, அதுவரை சரியாகக் கொடுத்துவிட்டேன். சிக்னல் ஒயரை எங்கே கொடுப்பது? ஸ்பார்க் அங்கேதானே கிளம்புகிறது என்று இக்னிஷன் காயிலுக்குப் போகும் ஆரஞ்சு ஒயரில் சேர்த்தேன். கிக்கர் உதைத்ததும் ஊசி ஒரே துள்ளாகத் துள்ளி 12,000 பக்கத்தில் போய் நின்றது. சாவியை அணைத்தேன், இறங்கவில்லை. தட்டிப் பார்த்தேன், இறங்கவில்லை. மூக்குக்கு மட்டும் லேசாகக் கருகல் வாடை.

பிறகு யோசித்தபோது புரிந்தது. இது சிடிஐ இக்னிஷன். இன்ஜினோடு சுழன்று மின்சாரம் உண்டாக்கும் மேக்னட்டில் இருக்கும் ஒரு காயில் முதலில் கெபாசிட்டரை நிரப்பும், பல்சர் காயில் சைகை கொடுத்ததும் கெபாசிட்டர் மொத்தத்தையும் ஒரே அடியாக இக்னிஷன் காயிலுக்குள் கொட்டும். அந்த ஆரஞ்சு ஒயரில் பாய்வது இருநூறு வோல்ட்டுக்கு மேல். நான் வாங்கிய மீட்டர் 12 வோல்ட் சிக்னலை எதிர்பார்த்துச் செய்தது. மில்லில் கன்ட்ரோல் பேனலில் எந்த ஒயரைத் தொடுவதற்கு முன்பும் வோல்ட் மீட்டர் வைத்துப் பார்க்காமல் தொடமாட்டேன், வீட்டு வாசலில் அந்த ஒழுக்கம் போய்விட்டது. இதைப் படிக்கும் யாராவது சிடிஐ வண்டியில் டாக்கோ மாட்டப்போகிறீர்கள் என்றால், ஆரஞ்சு ஒயர் பக்கம் போவதற்கு முன்னால் மீட்டரோடு வந்த தாளில் அது என்ன சிக்னலை வாங்கும் என்று ஒரு முறை படித்துவிடுங்கள்.

இரண்டாவது மீட்டர் வேறு வகை. இதன் சிக்னல் ஒயரை எதிலும் இணைக்க வேண்டாம், பிளக் ஒயர்மேல் சுற்றினால் போதும். ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் பிளக் ஒயரில் பல ஆயிரம் வோல்ட் பாயும், அந்த அதிர்வு இன்சுலேஷனைத் தாண்டி மேலே சுற்றியிருக்கும் ஒயரில் லேசாகத் தெறிக்கும், மீட்டர் அதை எண்ணிக்கொள்ளும். வண்டியின் எந்த ஒயரையும் வெட்டாமல் வேலை முடிகிறது. எட்டுச் சுற்று சுற்றி டேப் போட்டேன். பழைய பேட்டரியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வைத்தேன், ஏனென்றால் கிக்கர் வண்டி பேட்டரி இல்லாமலே ஓடிவிடும், ஆனால் பேட்டரி இல்லாவிட்டால் மீட்டருக்கு வரும் மின்சாரம் சீராக வராமல் துடித்துத் துடித்து வரும், ஊசியும் அதோடு சேர்ந்து துடிக்கும். பழைய ஆர்எக்ஸ்கள் பல செத்த பேட்டரியோடுதான் ஓடிக்கொண்டிருக்கின்றன.

உதைத்தேன். ஐடிலில், அதாவது ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் சும்மா ஓடும்போது, 2,700 காட்டியது.

எனக்கே தெரிந்தது அது தப்பு என்று. இந்த வண்டி ஐடிலில் 1,300 பக்கம்தான் இருக்கும். அப்படியே இரண்டு மடங்கு. மீட்டரின் முதுகில் ரப்பர் மூடிக்குக் கீழே இரண்டு குட்டி ஸ்விட்ச் இருந்தது. வரும்போதே அதை ஒற்றை சிலிண்டர் ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கு வைத்து அனுப்பியிருக்கிறார்கள், அதாவது க்ராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு ஸ்பார்க் என்று மீட்டர் நினைத்துக்கொண்டிருக்கிறது. இங்கேயோ ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று. ஸ்விட்சை மாற்றினேன், 1,350-க்கு வந்தது. இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. ஃபோர்-ஸ்ட்ரோக் என்றாலே இரண்டு சுற்றுக்கு ஒன்று என்று நம்பிவிடவும் கூடாது. ஸ்பார்க்குக்காகக் கரண்ட்டைத் துண்டிக்கும் பழைய பாயிண்ட் வைத்த புல்லட்டில் பாயிண்ட் கேம் க்ராங்கில் பாதி வேகத்தில் சுற்றுவதால் அப்படித்தான். ஆனால் க்ராங்கிலேயே பல்சர் காயில் வைத்த ஃபோர்-ஸ்ட்ரோக் பலவற்றில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஸ்பார்க் வரும், ஒன்று வேலைக்கு, இன்னொன்று வெறும் புகைக்கு நடுவில் வீணாக. பெட்டியில் என்ன போட்டிருந்தாலும் சரி, வண்டியில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எண்ணிப் பார்க்க எனக்கு ஒரு வசதி இருந்தது, அதுதான் என் தொழில். ரிங் ஃபிரேமில் நூலை முறுக்கிச் சுற்றும் ஸ்பிண்டில் நிமிஷத்துக்கு 18,000 சுற்று அளவில் ஓடும், அது குறைந்தால் நூல் உற்பத்தி குறையும், ஒரு ஸ்பிண்டில் மட்டும் குறைந்தால் அதன் நூலின் முறுக்கே மாறிவிடும். அதனால் சுற்று பார்ப்பது எங்களுக்கு அன்றாட வேலை. கையடக்க டாக்கோ மீட்டர், சிவப்புப் புள்ளி அடிக்கும், சுழலும் பொருளில் மினுக்கும் டேப் துண்டு ஒன்றை ஒட்டினால் அது எத்தனை முறை மினுக்குகிறது என்று எண்ணிச் சொல்லும். சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

அதை முதலில் வாசல் டியூப்லைட்டை நோக்கிக் காட்டினேன். பழைய சோக் வைத்த டியூப்லைட். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ட்யூப் விநாடிக்கு 100 முறை மினுக்கும், நிமிஷத்துக்கு 6,000. கருவி 5,994 என்றது. கருவி சரியாக இருக்கிறது. இது மில்லில் எனக்கு மூத்த ஃபிட்டர் ஒருவர் சொல்லிக்கொடுத்தது, இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு: இன்ஜினை அளக்கும்போது அந்த லைட்டை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இன்ஜின் எப்படி ஓடினாலும் 6,000 என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

இடது பக்க மேக்னட் கவரைக் கழற்றி, க்ராங்கோடு சுழலும் ரோட்டர்மேல் விரல்நக அகலத்தில் டேப் ஒட்டினேன். வண்டி மெயின் ஸ்டாண்டில், முன்னால் ஒரு டேபிள் ஃபேன், ஏனென்றால் ஏர் கூலிங் இன்ஜின் நின்ற இடத்தில் சீக்கிரம் சூடாகும். மெக்கானிக் அண்ணனும் வந்திருந்தார். ரன்னிங்-இன், அதாவது புது பிஸ்டன் பழகும் முதல் ஓட்டம், முடியாத இன்ஜின் என்பதால் 5,000-க்கு மேல் வேண்டாம் என்றார், அதுவும் இரண்டு மூன்று விநாடிதான். கருவி 1,340 சொன்னபோது என் மீட்டர் 1,350. கருவி 3,000 சொன்னபோது மீட்டர் 3,100. கருவி 4,980, மீட்டர் 5,100 பக்கம். கூடக் காட்டுகிறது, ஆனால் நூற்றுக்கு இரண்டு மூன்றுதான், அதுவும் எப்போதும் ஒரே பக்கமாக. அது போதும் எனக்கு.

அப்புறம் அண்ணனைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். நான் ஆக்ஸிலேட்டரை ஏதாவது ஒரு இடத்தில் பிடிப்பேன், அவர் சொல்ல வேண்டும். முதலில் "மூவாயிரத்தைநூறு" என்றார், கருவியில் 3,420. அடுத்து "நாலு... நாலேகால்" என்றார், 4,310. முப்பது வருஷம் ஆர்எக்ஸ் இன்ஜினில் கை வைத்த மனுஷன். கண்ணைத் திறந்து எண்ணைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார், முகம் மட்டும் மலர்ந்திருந்தது. பிறகு நான் கண்ணை மூடினேன். 3,000 என்று நான் சொன்னபோது 4,150 ஓடிக்கொண்டிருந்தது. அதாவது மீட்டர் மாட்டுவதற்கு முன்னால் ஓட்டிய நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரில், பாதி முறுக்கு என்று நினைத்து நான் அந்தப் புது பிஸ்டனை எவ்வளவு முறுக்கினேனோ. அன்று ராத்திரி அண்ணன் கிளம்பும்போது, "மாட்டுனது நல்லதுதான் தம்பி" என்றார்.

இன்னும் இரண்டு தொந்தரவு இருந்தது. 4,500 தாண்டினால் ஊசி நடுங்கியது, சில சமயம் 7,000-க்குத் தாவி இறங்கியது. ஒரு ஸ்பார்க்கை மீட்டர் இரண்டாக எண்ணுகிறது என்று அர்த்தம். எட்டுச் சுற்றை நான்காகக் குறைத்தேன், பிளக் கேப்பை ரெசிஸ்டர் உள்ளதாக மாற்றினேன், எர்த்தை ஹேண்டில்பாரில் கொடுக்காமல் பேட்டரி நெகட்டிவ் வரைக்கும் தனி ஒயர் இழுத்தேன். மூன்றையும் ஒரே நாளில் செய்துவிட்டதால் எது சரிசெய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது, ஆனால் நடுக்கம் நின்றுவிட்டது.

இரண்டாவது, பிராக்கெட். லேத் பட்டறையில் 2 மில்லி அலுமினியத் தகட்டில் அழகாக வளைத்துக் கொண்டுவந்திருந்தேன். ஒரே சிலிண்டர், 50 மில்லி ஸ்ட்ரோக், 7,500-இல் பிஸ்டன் சராசரியாக விநாடிக்கு 12.5 மீட்டர் வேகத்தில் மேலும் கீழும் ஓடுகிறது, அந்த அதிர்வு எல்லாம் ஹேண்டிலுக்கு வந்துசேரும். ஐந்தாவது வாரம் சூலூர் தாண்டும்போது தகடு வளைவில் விரிசல் விட்டு மீட்டர் ஒயரில் தொங்கியது. ஒரு கையில் அதைப் பிடித்துக்கொண்டே ஓரம் கட்டினேன். இப்போது இருப்பது 3 மில்லி இரும்புத் தகடு, வளைவில் கூர்மை இல்லாமல் உருட்டி வளைத்தது, மீட்டருக்கும் தகட்டுக்கும் நடுவே ரப்பர் புஷ். கனமாகத்தான் இருக்கிறது. பார்வைக்கு முதலாவதுதான் அழகு, ஆனால் அதிரும் இடத்தில் அலுமினியத்தைக் கூர்மையாக மடிக்கக் கூடாது என்பதை நான் மில்லிலேயே எத்தனையோ கவரில் பார்த்திருக்கிறேன்.

மாட்டும்போது மீட்டரை நேராக வைக்கவில்லை. கொஞ்சம் திருப்பி, 7,500 சரியாக உச்சியில், கடிகாரத்தில் 12 இருக்கும் இடத்தில் வரும்படி வைத்தேன். ரேஸ் ஓட்டுகிறவர்கள் இப்படி வைப்பதுண்டு. எண்ணைப் படிக்க வேண்டியதில்லை, ஊசி நிமிர்ந்து நிற்கிறதா சாய்ந்திருக்கிறதா என்று ஓரக்கண்ணுக்கே தெரிந்துவிடும். இதனால் பூஜ்யம் ஒரு கோணலான இடத்தில் இருக்கிறது, பார்க்கிறவர்கள் எல்லாரும் மீட்டர் திரும்பியிருக்கிறது என்று சொல்கிறார்கள். அப்படியே இருக்கட்டும்.

ரன்னிங்-இன் முடிந்து ஆயிரம் கிலோமீட்டர் ஆனபிறகு வால்பாறை போனேன். ஆழியாறிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவு. முன்பெல்லாம் இந்த மாதிரி ஏற்றத்தில் இரண்டாவது கியரில் போய்க்கொண்டிருப்பேன், இன்ஜின் கத்துகிறது, பாவம் என்று நினைத்து மூன்றாவது போடுவேன், உடனே வண்டி சோர்ந்துவிடும், மறுபடி இரண்டாவது. இந்த முறை ஊசியைப் பார்த்தேன். கத்துகிறது என்று நான் நினைத்த இடம் 5,400. அலை இன்னும் பொருந்தவே ஆரம்பிக்கவில்லை. பொறுத்துக்கொண்டு இரண்டாவதிலேயே பிடித்திருந்தேன், 6,000 தாண்டியதும் ஊசி தானாகவே ஓட ஆரம்பித்தது, முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளியதுபோல. 7,200-இல் மூன்றாவது போட்டேன், 5,000-க்குக் கீழே விழவில்லை, சோரவில்லை. சித்தப்பா இந்த வண்டியில் மூட்டை வைத்துக்கொண்டு மலை ஏறினார் என்று சொன்னபோது நான் முழுசாக நம்பியதில்லை.

ஆனால் மீட்டர் உண்மையில் தன் வேலையைச் செய்தது ஏறும்போது இல்லை. இறங்கும்போது.

இறக்கத்தில் இரண்டாவது கியரில், ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடி, இன்ஜின் பிரேக்கிங்கில் விட்டுக்கொண்டு வந்தேன். சத்தமே இல்லை. இன்ஜின் ஓய்வெடுக்கிறது என்று யாராக இருந்தாலும் நினைப்பார்கள், நல்ல காது உள்ளவர்களும்தான். தற்செயலாக ஊசியைப் பார்த்தேன்: 5,200. ஆக்ஸிலேட்டர் மூடியிருப்பதால் வெடிப்பில் பலம் இல்லை, சத்தம் இல்லை, ஆனால் சக்கரம் இன்ஜினைப் பிடித்து விநாடிக்கு எண்பத்தைந்து சுற்றுக்கு மேல் சுழற்றிக்கொண்டிருக்கிறது. இதில் என்ன மோசம் என்றால், இந்த வண்டியில் 2டி ஆயிலை (டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான ஆயில்) தனியாக ஒரு பம்ப் அனுப்புகிறது. அந்த பம்ப் இன்ஜின் வேகத்தையும் பார்க்கும், ஆக்ஸிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதையும் பார்க்கும். ஆக்ஸிலேட்டர் மூடியிருந்தால் ஆயில் குறைவாகத்தான் போகும். அதிக சுற்று, குறைந்த ஆயில், பெட்ரோலோடு வரும் குளிர்ச்சியும் இல்லை. நீண்ட இறக்கத்தில் டூ-ஸ்ட்ரோக் பிஸ்டன் பிடித்துக்கொள்வது இப்படித்தான். பெரியவர்கள் இறக்கத்தில் நடுநடுவே கிளட்ச் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கி விடுவதைப் பார்த்திருக்கிறேன், அது ஏதோ பழக்கம் என்று நினைத்திருந்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு முறை கிளட்ச் பிடித்து லேசாக முறுக்கி ஆயில் போகவிட்டேன், பாரத்தை பிரேக்கில் கொஞ்சம் அதிகம் வாங்கிக்கொண்டேன். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூவில் நிறுத்தி, கீழே ஆழியாறு அணையைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிஷம் இன்ஜினையும் பிரேக்கையும் ஆறவிட்டேன்.

திரும்பும் வழியில் ஆனைமலையில் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். ஒற்றை சீட் அவருக்குப் பிடிக்கவில்லை, "சித்தியை எங்க உக்கார வெப்பே?" என்றார். மீட்டரைத் தட்டிப் பார்த்து இது எதற்கு என்று கேட்டார், சொன்னேன். ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். டேங்க்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் நின்றார்.

"ஐடிலு கூட இருக்குது சாமி. நான் இன்னும் கீழதான் வெச்சிருப்பேன்."

ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக் கார்புரேட்டரில் ஐடில் ஸ்க்ரூவைக் கால் கால் சுற்றாகத் தளர்த்தினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தினார். ஊசி 1,150-இல் நின்றது. அதற்குப் பிறகு அதை நான் மாற்றவில்லை.